உலகம்மாள், வயது ஐம்பத்திரண்டு

“பேர் எழுதுதவன் முதல்ல ஆளைப் பாக்கணும்டே, பாத்துட்டு…” பார்த்துவிட்டு என்ன? அதற்கு மேல் பெரியப்பா ஏதோ ஒன்று சொல்வார், சொல்லி வாய் மூடுவதற்குள் சுற்றி நிற்பவர்கள் சிரித்துவிடுவார்கள், அந்தச் சிரிப்பு மட்டும்தான் சுயம்புலிங்கத்தின் காதில் மிச்சம் இருக்கிறது. குடிக்கணக்கு எடுக்கப் போன கதையைப் பெரியப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார், ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருக்கலாம். அவன் ரேஷன் கடை வாசலில் பதினோராவது வட்டத்துக்குள் குத்தவைத்திருந்தான். மற்றவர்கள் வட்டத்தில் பையை வைத்து, பை பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் புங்கை மரத்து நிழலுக்குப் போய்விட்டார்கள். ஊரடங்கில் வந்த பழக்கம் அது. ஆள் நிற்க வேண்டும் என்றுதான் வட்டம் போட்டது, கல்லும் பையும் ஆளாகிவிட்டன, இப்போது கட்டுப்பாடு தளர்ந்து யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாவிட்டாலும் பை வட்டத்தில்தான் உட்காருகிறது. சாரலில் பாதி அழிந்துபோன இந்தச் சுண்ணாம்பு வட்டங்களை ஒரு முளையும் கயிறும் வைத்து அவன்தான் வரைந்தான், அதனாலோ என்னவோ அவனுக்கு மட்டும் வட்டத்தை விட்டு எழுந்துபோகத் தோன்றவில்லை. ஆறாவது வட்டத்தில் பச்சை ஒயர்க்கூடை இருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பினால் கண் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே வந்து நிற்கிறது. வடிவு மைனியின் கூடை. அதற்கு நேர் பின்னால், மரத்தடியில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மைனியின் புருஷன் தவசி அண்ணன். இரண்டு மாதத்தில் மனுஷன் பாதியாகிவிட்டார், கழுத்தெலும்புக் குழிக்குள் ஒரு கை தண்ணீர் ஊற்றினால் நிற்கும். தண்ணீர்தான் அண்ணனுக்கு வேலை, அவர் ஊர்க்குளத்து நீர்பாய்ச்சி, முப்பது வருஷமாக யார் வயலுக்கு எந்த நேரத்துக்கு மடை திறக்க வேண்டுமோ அந்த நேரத்துக்குத் திறந்து அந்த நேரத்துக்கு அடைத்தவர், அவரைப் போய்த்தான் சொந்த மகள் நேரம் தவறியவர் என்று சொல்லிவிட்டாள். இன்று அந்த மகள் வருகிறாள். முதல் பஸ்ஸில். ஒரு வருஷத்துக்கு மேல் ஊருக்குள் வராத பஸ் போன வாரத்திலிருந்து வருகிறது, அதில் ஏறி, தகப்பன் கார்டிலிருந்து தன் பேரை எடுக்க வருகிறாள்.

கடையில் இன்றிலிருந்து மறுபடியும் கைரேகை. நோய்க்குப் பயந்து நிறுத்திவைத்திருந்த மிஷினைத் தூசி தட்டி வெளியே எடுத்திருந்தாள் ஜெபக்கனி, கடைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண், டவர் கிடைக்காமல் மிஷினை ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கார்டில் பேர் உள்ள எல்லாரும் ஒரு தடவை வந்து விரல் வைத்துவிட்டுப் போகணும், இல்லாத ஆளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும் என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். மிஷினில் வருகிற பேரைத்தான் அவள் கூப்பிடுவாள், அவளுக்கு வேறு பேர் தெரியாது. “பாலசுப்பிரமணியன்” என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, வே பொரிகடலை, உம்மத்தான்வே என்று முதுகில் தட்டிய பிறகுதான் கிழவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு போனார். “எழுபது வருசமா அந்தப் பேர்ல என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்ல தாயி, யாரோ ஆபீசரு வந்திருக்காருன்னு இருந்துட்டேன்.” மரத்தடி முழுக்கச் சிரித்தது. தவசி அண்ணன்கூட லேசாகச் சிரித்தார். சுயம்புலிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஒவ்வொரு பேராகக் கூப்பிடக் கூப்பிட, அந்தப் பேருக்கும் எழுந்துவருகிற முகத்துக்கும் சம்பந்தமில்லாமல் இருக்க இருக்க, இதெல்லாம் அவனுக்காகவே நடத்திக் காட்டுவது மாதிரி. பார்த்தாயா, பார்த்தாயா என்று யாரோ பிடரியில் குட்டுகிற மாதிரி. ஐந்து கார்டு முடிய வேண்டும். அப்புறம் பச்சைக் கூடை. மேல்சட்டைப் பையில் நூலகத்துச் சாவி உடம்புச் சூட்டில் வெந்துபோய்க் கிடந்தது. அடுத்த வாரம் நூலகம் திறக்கிறார்கள், சாவி உன்கிட்டத்தான் இருக்கணும்டே, உன்ன விட்டா ஊர்ல யாரு இருக்கா என்று பஞ்சாயத்துத் தலைவர் நேற்றுத்தான் கையில் வைத்து அழுத்தினார். உன்னை விட்டால் யார் இருக்கிறார். அந்த வார்த்தையை இரவெல்லாம் வெல்லக்கட்டி மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டு கிடந்தான், வெட்கமில்லாமல்.

உன்னை விட்டால் யார் என்று அவனிடம் அதற்கு முன்னால் ஒருவரும் சொன்னதில்லை. அப்பா மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்ததால் எட்டாவது வரைக்கும் மலையாளத்தில் படித்து, அப்பா போனபிறகு இங்கே வந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது உட்கார்ந்தபோது பெஞ்சு முழுக்க அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தது, திரும்ப மலையைத் தாண்டிக் கொச்சிக்குப் போய் அச்சகத்தில் சேர்ந்தபோது அங்கே தமிழன் என்று பாண்டிக்காரன், முப்பது வருஷம் கல்யாணப் பத்திரிகையும் நினைவஞ்சலியும் இரண்டு பாஷையில் அடித்துக் கொடுத்தான், நடுவில் அவனுக்கும் ஒரு பத்திரிகை அடித்து அந்தக் கல்யாணம் நடந்து முடிந்தும் போனது. ஊரடங்கில் அச்சகத்தை மூடினார்கள். ஒரு பெட்டியோடு தம்பி வீட்டில் வந்து இறங்கியவனுக்குத் தம்பி பெண்டாட்டி சோறு போடுவாள், மோரா ரசமா என்று கேட்கமாட்டாள். அப்படி இருந்தபோதுதான் ஊரைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார்கள். ஊருக்குள் நுழைகிற கலுங்குப் பாலத்துக்கிட்டே உடைமுள்ளைக் குவித்து நடுவில் மூங்கில் தடுப்பு வைத்து, வெளியாள் உள்ளே வராமல் பார்க்க முறைவைத்து ஆள் போட்டார்கள், வருகிறவன் இன்னார் வீட்டுக்கு என்று பேர் சொல்லணும், பேர் பட்டியலில் இருந்தால்தான் தடுப்பைத் தூக்கணும், பட்டியல் யார் எழுதுவது, படித்தவன், சுயம்பு எழுதட்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேர். வீடு வீடாகப் போனான். ஆளைப் பார்த்தே எழுதினான், பெரியப்பா சொன்னபடி, ஒரு முகம் விடாமல் பார்த்து. வடிவு மைனி கையெல்லாம் இட்லி மாவோடு வெளியே வந்தாள். வடிவுன்னே போடு என்றாள். சொல்லிவிட்டு, இரி, கார்டைக் கொண்டாரவா, அதுல வேற மாதிரில்லா இருக்கும் என்று பாதி உள்ளே திரும்பினாள். திரும்பினாள். அவள் திரும்பியதை, அந்த இடது தோள் நிலைப்படியைத் தாண்டியதை, இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறான். இன்னும் நாலு எட்டு வைத்தால் அலமாரி. இவன் வேண்டாம் என்றான். “எதுக்கு மைனி, உங்களை எனக்குத் தெரியாதா?” அவளும் சிரித்துக்கொண்டு மாவுக்கையோடு நின்றுவிட்டாள். அன்று ராத்திரி எல்லாப் பேரையும் அகரவரிசைப்படுத்திப் புது நோட்டில் எழுதினான், தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு என்றார், மறுநாளிலிருந்து தம்பி பெண்டாட்டி மோரா ரசமா என்று கேட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், தடுப்பில் அவன் முறை, மத்தியானம் இரண்டரை இருக்கும், சாரல் விழுந்து நின்றிருந்தது, கூட முறை பார்த்தவன் கஞ்சி குடிக்கப் போயிருந்தான். வண்டி சத்தமில்லாமல்தான் வந்தது. ஆம்புலன்ஸ் என்றால் ஊளை போட்டுக்கொண்டுதான் வரும் என்று நினைத்திருந்ததால் முதலில் பால்வண்டி என்றுகூடத் தோன்றியது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, மேலப்பாறைப்பட்டிதானே, உலகம்மாள், வயது ஐம்பத்திரண்டு, மூச்சுத் திணறல் என்றான். இவன் நோட்டைத் திறந்தான். உ. உச்சிமாகாளி, உடையம்மை, உடையார், உமையொருபாகம், அப்புறம் ஊய்க்காட்டான். விரலை வைத்துக் கீழே வந்து, மறுபடி மேலே போய், மறுபடி கீழே வந்தான், இல்லை. எவ்வளவு சரியாகத் தேடினான். தேடியதில் ஒரு குறை சொல்ல முடியாது. உலகம்மாள் என்று தவசி அண்ணனின் அம்மா ஒருத்தி இருந்தாளே, அவள் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறதே என்று நினைவுகூட வந்தது, அதுவரைக்கும் வந்த நினைவு இன்னும் ஒரு எட்டு வைத்திருக்கலாம். மருமகளுக்கும் மாமியாருக்கும் ஒரே பேர் அமைந்துவிட்டால் வீட்டுக்குள் அந்தப் பேரைச் சொல்லி மருமகளை விரட்ட முடியாது, மாமியாரை விரட்டியதாக ஆகிவிடும், அதனால் தாலி கட்டிய அன்றைக்கே மருமகளுக்கு வேறு பேர் வைத்துவிடுவார்கள், இந்த ஊரில் கைப்பிள்ளைக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், தெரிந்துதான் இருந்தது, ஆனால் வடிவு மைனிக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் அது நடந்தபோது அவன் கொச்சியில் யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். டிரைவர் செல்லில் கூப்பிட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை, தவசி அண்ணன் வீட்டுக்குள் டவர் கிடைக்காது, தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்று பேசிவிட்டு அவர் மைனியைப் பார்க்க உள்ளே ஓடியிருக்கிறார். ஊருக்குள்ள போய் ஒரு வார்த்தை விசாரிக்கலாமா என்று டிரைவர் கேட்டான். அதைக் கேட்டான், கேட்டான். இவன், நோட்டுல இல்லாத பேருக்கு எங்க போய் விசாரிப்பீங்க, இது மேலப்பட்டி, நீங்க தேடுதது கீழப்பட்டியா இருக்கும், திரும்பி ஓடையோரமா ஆறு கிலோமீட்டர் என்று கையை நீட்டிக் காட்டினான். கை நீட்டியபோது கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றான். வண்டி பின்வாங்கித் திரும்பியது. பின்சக்கரம் தள்ளிய சேறு இன்னும் பாலத்துக் கட்டையில் அப்பியிருக்கிறது, மழை பெய்தும் போகவில்லை, போய்ப் போய்ப் பார்க்கிறான்.

அதோடு முடிந்திருந்தால் தப்பு என்று சொல்லலாம். தப்பு யாருக்கும் வரும். நாலரை மணிக்குக் குட்டியானை வண்டியில் மைனியைப் படுக்கவைத்துக்கொண்டு அண்ணன் வந்தார், தடுப்பைத் தூக்கியது இவன்தான், மைனியின் பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தது, பாதத்தில் மஞ்சள். அண்ணன் மேலிருந்து குனிந்து, ஏ சுயம்பு, ஆம்புலன்ஸ் ஏதும் வந்துதாடே, ரெண்டு மணிக்கே போன் போட்டேன், கார்டைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன், உலகம்மாள்னு தெளிவாச் சொன்னேனே என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த அதே நொடியில், மூச்சு ஒன்று உள்ளே போய் வெளியே வருவதற்குள், நாக்கு தானாகச் சொன்னது. “வரலியேண்ணே.” அவனுக்கு முன்னால் நாக்கு முடிவு பண்ணிவிட்டது. மலையாளத்திலா தமிழிலா, எந்தப் பாஷையில் அது முடிவு பண்ணியது? பாதி வழியிலேயே மைனி போய்விட்டாள். அன்று முறை முடிந்து கிளம்புவதற்கு முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மலையாள எழுத்தில் எழுதினான், ரெண்டரை, வண்டி வந்தது, நான் திருப்பி அனுப்பினேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை, ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதாமலும் இருக்க முடியவில்லை. நோட்டு தம்பி வீட்டுப் பரணில் பெட்டிக்குள் இருக்கிறது. முள்வேலியைப் பிரித்துக் கொளுத்திய அன்று அதையும் தீயில் போடக் கொண்டுபோய்க் கையில் வைத்துக்கொண்டு நின்று திரும்பக் கொண்டுவந்துவிட்டான். இப்போது ரோடு திறந்துவிட்டது. வெள்ளை வண்டி எது வந்தாலும் எழுந்து மறைவுக்குப் போய்விடுகிறான். அந்த டிரைவர் ஒரு நாள் டீக்கடையில் இறங்கி, இந்த ஊர்லதான் ஒருத்தன் அன்னைக்கு என்று ஆரம்பிக்க எவ்வளவு நேரமாகும்? அப்படி யாராவது வந்து சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும், தன் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

செண்பகம் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள், ஒரே மகள், அவள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்ததால் அம்மா முகத்தைப் பார்க்க வர முடியவில்லை. போனில்தான் கேட்டாள். எத்தனை மணிக்கு வண்டிக்குச் சொன்ன என்றாள், ரெண்டு மணி என்றார், ரெண்டு மணிக்குச் சொன்னா மூணு மணிக்கு வந்திருக்கணும்லா, நீ சொல்லவே இல்ல, மடையில நின்னுக்கிட்டு அம்மாவ மறந்துட்ட, எல்லாம் முடியப்போற நேரத்துல வந்து பாத்துட்டு இப்பம் ரெண்டு மணின்னு சொல்லுத என்று சொல்லி வைத்தவள்தான், அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. அண்ணனுடையது பட்டன் போன், கடைசிப் பத்து நம்பர்தான் அதில் நிற்கும், மைனி போன அன்று சாயங்காலம் அறுபது பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஒன்று மட்டும் ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் பதினோராவது வட்டத்தில் குத்தவைத்திருக்கிறான். இன்று விடியற்காலம் குளத்துக்கரையில் அண்ணன் அவனைப் பிடித்து நிறுத்தி, செண்பகம் பேரை எடுக்க வாராளாம்டே, கல்யாணமாகி அஞ்சு வருசமா எடுக்காண்டாம்னு உங்க மைனி வச்சிருந்தா, நம்ம கார்டுலயும் அவ பேர் கிடக்கட்டும்னு சொல்லுவா என்றார். அப்புறம் குரலை இறக்கிக் கேட்டார். “நான் போன் போட்டேன்தானாடே? சில நேரம் எனக்கே ஐயம் வந்துருது. மடையிலேயே நின்னுட்டேனோ?” இவன் பல்குச்சியை மென்றுகொண்டு நின்றான். போட்டீங்கண்ணே என்றுகூடச் சொல்ல முடியவில்லை, உனக்கு எப்படித் தெரியும் என்பார். ஒரு மனுஷனிடமிருந்து பெண்டாட்டியை எடுத்தாயிற்று, மகளை எடுத்தாயிற்று, இப்போது அவர் செய்த ஒன்றைச் செய்தோம் என்கிற நினைப்பையும் எடுக்கிறோம் என்று தெரிந்தே பல்குச்சியை மென்றான், வேம்பு கசக்கக்கூட இல்லை. சொன்னால் என்ன ஆகும்? அடிப்பார்கள். அடிக்கட்டும். அடிக்காமல் விட்டால்? அதுதான் பயம். தலைவர் வந்து சாவியைத் திரும்பக் கேட்பார், கேட்காமல் வேறு ஆளை அனுப்பி வாங்குவார். தம்பி பெண்டாட்டி மோரா ரசமா என்று கேட்கமாட்டாள். கொச்சியில் இடமில்லை, தோட்டத்தில் இடமில்லை, நாற்பத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது, ஏறி எங்கே டிக்கெட் கேட்பது? பாத்துட்டு, பாத்துட்டு என்ன சொல்வார் பெரியப்பா, அது வந்துவிட்டால் போதும் போல இருந்தது, அதில் ஏதோ இருக்கிறது, இவனுக்கென்றே சொல்லிவைத்த ஒன்று. திடீரென்று வந்தது. பாத்துட்டு அந்த வீட்டுல ஒரு செம்பு மோர் வாங்கிக் குடிச்சிறணும், அடுத்த வீட்டுல தருவானோ என்னவோ. அவ்வளவுதான். அதற்குத்தான் சிரித்தார்கள். அதில் ஒன்றுமே இல்லை.

பஸ் பாலத்தில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டதும் மரத்தடி எழுந்து நின்றது, பஸ் வருவது இன்னும் ஒரு வேடிக்கையாகத்தான் இருக்கிறது ஊருக்கு. செண்பகம் இறங்கினாள். மாஸ்க்குக்கு மேலே கண் அப்படியே மைனியின் கண். அவள் நேராகத் தகப்பனிடம் வரவில்லை, கடைசி வட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், கையில் நாலாக மடித்த மனு. அண்ணன் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்பத் தலையில் போட்டார். சாப்பிட்டியாம்மா என்று அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டது அவளுக்குக் கேட்டிருக்கும், கேட்காத மாதிரி மிஷினைப் பார்த்தாள். ஜெபக்கனி ஆறாவது கூடையை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். தவசிக்கண் என்றாள், அண்ணன் போய் விரல் வைத்தார், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், மிஷின் மூன்று தடவை ஏற்கவில்லை, ஈரத்துணியில் துடைத்து நாலாவது தடவை ஏற்றது. “உலகம்மாள்” என்றாள் ஜெபக்கனி. பொரிகடலைக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். புதுப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மரத்தடியைப் பார்த்து மறுபடி கூப்பிட்டாள். “உலகம்மாள், வயசு அம்பத்திரண்டு. வந்திருக்காகளா?” அதே பேர், அதே வயது, அதே அடுக்கில், சாரல் விழுந்து நின்ற அதே மண்வாசனையோடு. இல்லம்மா என்றார் அண்ணன். அடுத்து செண்பகம் என்றதும் அவள் வரிசையைத் தாண்டி வந்து மனுவை விரித்துத் தராசுத் தட்டின்மேல் வைத்து, இந்தப் பேரை எடுத்துருங்க என்றாள். அதற்குக் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடணும் என்றாள் ஜெபக்கனி. அண்ணன் மனுவின்மேல் குனிந்தார். எங்க போடணும்மா, இங்கயா, சரி என்றார். சட்டைப் பையைத் தடவினார், அவர் பையில் என்றைக்குப் பேனா இருந்தது. திரும்பிப் பார்த்தார். ஊரில் எப்போதும் பையில் பேனா வைத்திருக்கிற ஆள் ஒருத்தன்தான்.

“சுயம்பு, பேனா இருக்காடே?”

சுயம்புலிங்கம் எழுந்தான். கால் மரத்துப்போயிருந்தது. ஐந்து வட்டத்தைத் தாண்டித் தட்டுக்குப் பக்கத்தில் போய், மனுவை எடுத்து மடித்து செண்பகத்தின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்க அப்பா ரெண்டு மணிக்கே போன் போட்டார், ரெண்டரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது, அப்படி ஒரு ஆளே ஊரில் இல்லை என்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொன்னான்.